எழுதப்பட்ட ஜன்னல்கள்

1984 ஜனவரியில் வெளிவந்த முதல் மேகின்டாஷ் கணினியில் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு கிளைகள் இருக்க முடிந்தது. ஒன்று தரவுக் கிளை. எல்லாக் கணினிகளிலும் நாம் கோப்பு என்று சொல்வது அதைத்தான். மற்றது ரிசோர்ஸ் ஃபோர்க். ஒரு செயலியின் மெனுக்கள், டயலாக் பெட்டிகள், ஐகான்கள், திரையில் தெரியும் வாக்கியங்கள் எல்லாம் இந்த இரண்டாவது கிளையில் தனித்தனிப் பொட்டலங்களாக இருக்கும். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகைப்பெயர், கூடவே ஓர் எண். இதில் வேடிக்கை என்னவென்றால், செயலியின் எந்திர நிரலே 'கோட்' என்ற வகைப்பெயரோடு இதே கிளையில்தான் கிடந்தது. மெனுவும் பொட்டலம், நிரலும் பொட்டலம். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

இதை வடிவமைத்தவர் புரூஸ் ஹார்ன். பதினான்கு வயதிலேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்குள் போய் ஸ்மால்டாக் மொழியோடு வளர்ந்தவர். அவர் கையில் இருந்த மேகின்டாஷின் நினைவகம் மொத்தமே 128 கிலோபைட். இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் அடங்காது. ஒரு டயலாக் பெட்டி தேவைப்படும் நேரத்தில் மட்டும் அதை வட்டிலிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் நினைவகத்திலிருந்து தூக்கி எறிய வேண்டும். பொட்டலங்களாகப் பிரித்ததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ஆப்பிள் நிரலாளர்களுக்காக வெளியிட்ட கையேடுகளே சொன்னன. செயலியை வேறு மொழிக்கு மாற்ற வேண்டுமென்றால் நிரலைத் தொடவே வேண்டாம், பொட்டலத்தில் இருக்கும் சொற்களை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கு இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியமாகப் படுகிறது. திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரலுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டால், நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் அதைத் தொட முடியும். பாரிஸில் இருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தொடலாம். சென்னையில் இருப்பவரும் தொடலாம். ஆனால் வெளியே எடுத்து வைத்தால் மட்டும் போதாது. எந்த வடிவத்தில் வைக்கிறோம், யாரால் அதைப் படிக்க முடியும் என்பதில்தான் சண்டையே. நாற்பது வருடமாக அந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஜன்னலை மவுஸால் வரைவதா, எழுத்தில் எழுதுவதா? எழுதினால் அதை எந்திரத்துக்குப் புரியும்படி யார் மாற்றித் தருவது?

மாற்றித் தரும் வேலைக்குத்தான் கம்பைலர். நிரல்மொழிக்குக் கம்பைலர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஜன்னலுக்கும் கம்பைலர் உண்டு என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 1986இல் ஆப்பிள் வெளியிட்ட மேகின்டாஷ் புரோகிராமர்ஸ் வொர்க்‌ஷாப்பில் ரெஸ் என்று ஒரு கருவி இருந்தது. நாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் 'இந்த எண்ணில் ஒரு மெனு, அதன் தலைப்பு இது, அதற்குள் இந்த வரிகள்' என்று எழுதி வைப்போம். கட்டளை வரியில் ரெஸ் என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ரிசோர்ஸ் ஃபோர்க் தயார். மவுஸை உலகத்துக்குப் பழக்கிய கணினியில், அந்த மவுஸ் அழுத்தப்போகும் மெனுவைக் கட்டளை வரியில் கட்டினார்கள்.

ரெஸ் மொழியில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மெனு என்றால் என்ன, டயலாக் என்றால் என்ன என்று கம்பைலருக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு வகையின் அமைப்பையும் அதே மொழியில் இன்னொரு கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். நாம் புது வகை ஒன்றை உண்டாக்கினால் அதையும் அப்படியே எழுதிச் சேர்க்கலாம். கூடவே டிரெஸ் என்று அதன் தலைகீழ்க் கருவி ஒன்று. கட்டி முடித்த செயலியை அதனிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் பொட்டலங்களை மறுபடி எழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். போன வழியே திரும்பி வரலாம். பின்னால் வந்த பல கருவிகளில் இந்தத் திரும்பும் வழி அடைபட்டுப்போனது.

ரெஸ்எடிட் என்று மவுஸால் இயக்கும் கருவியும் அப்போது இருந்தது. அதை வைத்துக்கொண்டு, நிரல் எழுதவே தெரியாதவர்கள் தங்கள் கணினியில் இருந்த செயலிகளின் மெனுப் பெயர்களை மாற்றினார்கள், ஐகான்களை மாற்றி வரைந்தார்கள், எச்சரிக்கைப் பெட்டிகளில் கிண்டல் வாசகங்கள் எழுதி வைத்தார்கள். மூலநிரலைக் கேட்டு யாரிடமும் போய் நிற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய மூடிய மென்பொருளில் இப்படி ஒரு ஜன்னல் திறந்து கிடந்தது என்பதை இன்று நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பொட்டலங்களுக்குள் ஒரு பிரச்சினையும் சேர்ந்தே கட்டப்பட்டிருந்தது. டயலாக் பெட்டிக்குள் ஒரு பொத்தான் வைக்க வேண்டுமென்றால் அதன் மேல், இடது, கீழ், வலது எல்லைகளைப் பிக்ஸல் கணக்கில் எழுத வேண்டும். முதல் மேகின்டாஷின் திரை 512க்கு 342 பிக்ஸல். எல்லோரிடமும் அதே திரைதான், அதனால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ஆறு எழுத்துச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பொத்தானுக்குள் ஜெர்மன் சொல் வந்து உட்கார்ந்தபோதுதான் இடிக்க ஆரம்பித்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லை மட்டும் மாற்றினால் போதவில்லை, பெட்டியையும் இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பது இடிக்கும், அதையும் நகர்த்த வேண்டும்.

1985 நவம்பரில் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸுக்கும் இதே மாதிரி ஒரு கம்பைலர் இருந்தது. பெயர் ஆர்சி, அதாவது ரிசோர்ஸ் கம்பைலர். இன்றும் விண்டோஸுக்கு நிரல் எழுதுபவர்களின் கணினியில் அது இருக்கிறது. எழுத்துக் கோப்பில் டயலாக் என்று தொடங்கி, உள்ளே ஒவ்வொரு பொத்தானையும் வரிக்கு ஒன்றாக எழுதி, கடைசியில் நான்கு எண்கள் போட வேண்டும். இந்த எண்கள் பிக்ஸல் இல்லை, டயலாக் அலகு. விதவிதமான திரைகள் வரும் என்று மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்திருந்தது, அதனால் எழுத்துருவை வைத்தே அளவுகோல் செய்தார்கள். ஓர் எழுத்தின் சராசரி அகலத்தில் நாலில் ஒரு பங்கு கிடை அலகு, உயரத்தில் எட்டில் ஒரு பங்கு செங்குத்து அலகு. நல்ல யோசனைதான், சும்மா சொல்லக்கூடாது.

அந்தச் 'சராசரி அகலம்' எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆங்கிலத்தின் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இந்த 52 எழுத்தையும் வரிசையாக நிறுத்தி, மொத்த அகலத்தை 52ஆல் வகுப்பது. அளவுகோலே ரோமன் எழுத்தால் ஆனது. நம்முடைய 'ணை', 'ஞௌ' போன்ற கனத்த உருவங்களுக்கு அந்தக் கோலில் இடமே இல்லை. 'கேன்சல்' என்ற ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டியில் 'ரத்துசெய்' என்பதை வைத்துப் பாருங்கள், 'அமைப்புகள்' என்பதை வைத்துப் பாருங்கள். கடைசி எழுத்து பாதி வெட்டுப்பட்டு நிற்கும். பழைய மென்பொருள்களைத் தமிழாக்க முயன்றவர்களுக்கு இந்தப் பாதி எழுத்து நன்றாகப் பழக்கமானது.

இந்தப் பரம்பரையில்தான் 1991இல் விஷுவல் பேசிக் வந்தது. எழுத்தும் வேண்டாம், கம்பைலரும் வேண்டாம், பொத்தானை மவுஸால் இழுத்து வை, இரண்டு முறை சொடுக்கு, நிரலை எழுது. நம்மூர்ப் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் அதன் ஆறாவது பதிப்பு, உலகம் அதை விட்டுப்போன பிறகும் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. என் வயதுப் பொறியாளர்கள் பலருக்கு முதல் ஜன்னல் அதில் செய்ததுதான். படிவத்தைச் சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்தால் உயரம் 495, அகலம் 1215 என்று வரிகள் தெரியும். ட்விப் என்ற அலகு, ஓர் அங்குலத்தில் 1440இல் ஒரு பங்கு. இழுத்து வைக்கும்போது நாம் பார்ப்பது பொத்தானை, கருவி எழுதிக்கொள்வது ஆயத்தொலைவுகளை. விஷுவல் பேசிக் 6இன் பொத்தான்களும் எழுத்துப் பெட்டிகளும் யூனிகோடு அறியாதவை. யூனிகோடுத் தமிழைக் கொடுத்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். அதனால்தான் 1999இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய டாப், டாம் போன்ற எழுத்துருக் குறியேற்றங்களில் பில் போடும் மென்பொருள்களைச் செய்தார்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

யூனிக்ஸ் உலகம் வேறு பக்கமாக வந்தது. 1988இல் பல கணினி நிறுவனங்கள் சேர்ந்து ஓபன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைத் தொடங்கின. அடுத்த வருடமே அது மோட்டிஃப் என்ற இடைமுகத் தொகுப்பை வெளியிட்டது. பொத்தான்களின் முப்பரிமாணத் தோற்றம் எச்பியிடமிருந்து வந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், அதாவது டெக், தன் பங்குக்குக் கொண்டுவந்தவற்றில் ஒன்று யூஐஎல், இடைமுகத்தை விவரிக்க மட்டுமே ஆன ஒரு மொழி. அதன் கம்பைலரின் பெயரும் அதேதான். யூஐஎல் கோப்பைக் கொடுத்தால் யூஐடி என்ற இருமக் கோப்பு கிடைக்கும். செயலி ஓடும்போது அந்தக் கோப்பைத் திறந்து ஜன்னலை எழுப்பிக்கொள்ளும்.

பொழுதுபோகாமல் ஒருநாள் யூஐஎல் கோப்பு ஒன்றைப் படிக்க உட்கார்ந்தேன். நன்றாக இருந்தது. அரசாங்க அலுவலகக் குறிப்பு மாதிரி ஒரு நிதானமான மொழி. மாட்யூல் என்று தொடங்கும், எண்ட் மாட்யூல் என்று முடியும். நடுவில் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பத்தி. அதன் குணங்கள் என்ன, அழுத்தினால் எந்த வேலையைக் கூப்பிட வேண்டும், அதன் கட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளைகள் யார் யார். இந்த மூன்றாவது பத்தியில்தான் பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. மோட்டிஃபில் பொத்தானின் இடத்தை எண்ணில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. 'இது ஒரு பத்தி, இதற்குள் இந்த மூன்று பொத்தான்' என்று சொன்னால் போதும். ஒவ்வொரு பொத்தானும் தன் சொல்லுக்கு எவ்வளவு அகலம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்கும். அம்மா எல்லோரையும் பார்த்து இடம் பிரித்துக் கொடுப்பாள். ஜெர்மன் சொல் வந்தால் பெட்டி தானாக நீளும். தமிழ் வந்தாலும் நீளும்.

இடத்தை மவுஸால் வரையலாம். உறவை வரைவது கஷ்டம். 'இவள் அவளுடைய மகள், இவளுக்கு மிச்ச இடமெல்லாம் சேரும்' என்பதை எழுதிவிடலாம், இழுத்துக் காட்டுவதற்குத் தனியாகப் பழக வேண்டும். ஜன்னலை எழுத்தில் விவரிக்கும் மொழிகள் திரும்பத் திரும்ப முளைப்பதற்கு, கட்டளை வரி மீது நிரலாளர்களுக்கு இருக்கும் பழைய பாசத்தை மட்டும் காரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. குடும்ப மரத்தைச் சொல்வதற்கு எழுத்து தோதான கருவி, அவ்வளவுதான்.

யூஐஎல் கம்பைலரின் அருமை தெரிய வேண்டுமென்றால் அதற்கு மாற்றாக என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். எக்ஸ் ஜன்னல் அமைப்பில் செயலியின் நிறம், எழுத்துரு, சொற்கள் எல்லாவற்றையும் ரிசோர்ஸ் கோப்பு என்ற ஓர் எழுத்துக் கோப்பில் வரிவரியாக எழுதலாம். கம்பைலர் கிடையாது, செயலி தொடங்கும்போது நேராகப் படித்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பெயரைத் தப்பாக அடித்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த வரி சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். ஜன்னல் ஏன் மாறவில்லை என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். யூஐஎல் கம்பைலரோ, 'இந்தப் பொருளுக்கு இப்படி ஒரு குணம் கிடையாது' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும்.

அந்தக் கறாருக்கு ஒரு விலை இருந்தது. கம்பைலருக்கு மோட்டிஃபின் சொந்தப் பொருள்களைத்தான் தெரியும். நாம் புதிதாக ஒரு வட்ட மீட்டரைச் செய்தால் அதை அறிமுகப்படுத்த டபிள்யூஎம்எல் என்று இன்னொரு மொழி, அதில் எழுதி, கம்பைலரையே மறுபடி கட்ட வேண்டும். அல்லது 'இது நானாகச் செய்துகொள்வேன், நீ கண்டுகொள்ளாதே' என்று ஒரு செயற்கூறின் பெயரைக் கொடுத்துத் தப்பிக்கலாம். பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். ரெஸ் மூன்று வருடம் முன்பே சுலபமாகச் செய்த காரியம் இது. மோட்டிஃப் 2012இல் திறமூலமானது. அதற்குள் அதைக் கேட்க ஆள் இல்லை.

யூஐஎல் எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே 1988இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினி மேடையேறியது. அதோடு வந்த இன்டர்ஃபேஸ் பில்டர், எதிர்த்திசையில் மிகத் தூரம் போன கருவி. ஆக்கியவர் ழான்-மரி உலோ, பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் லிஸ்ப் மொழியில் இதன் முதல் வடிவத்தைச் செய்தவர். இங்கே பொத்தானின் விவரிப்பு என்று ஒன்று கிடையாது. நாம் இழுத்து வைப்பது உண்மையான பொத்தான், நினைவகத்தில் உயிரோடு இருக்கும் ஒரு பொருள். சேமிக்கும்போது அதை அப்படியே உலர்த்தி நிப் என்ற கோப்பில் போட்டுவிடுவார்கள். செயலி தொடங்கும்போது தண்ணீர் தெளித்து எழுப்புவார்கள். கருவாடு மறுபடி நீந்துவது மாதிரி. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் உலகின் முதல் வலை உலாவியை அவ்வளவு சீக்கிரம் முடித்ததில் நெக்ஸ்டின் இந்தக் கருவிகளுக்குப் பங்கு உண்டு.

வேகமாகச் செய்வதற்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் உலர்த்திய பொருளை மனிதன் படிக்க முடியாது. பிரெஞ்சுக்கு ஒரு ஜன்னல் வேண்டுமா? ஆங்கில நிப் கோப்பை அப்படியே நகலெடுத்துப் பிரெஞ்சு அடைவில் போட்டு, அதைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக மாற்ற வேண்டும். பிறகு ஆங்கில ஜன்னலில் ஒரு பொத்தான் கூடினால் பிரெஞ்சிலும் கையால் கூட்ட வேண்டும். பத்து மொழி என்றால் பத்து நகல். இந்த நிலையில் பதினோராவது மொழியை யார் கேட்பார்கள்? கேட்டாலும் யார் கொடுப்பார்கள்? எத்தனையோ மென்பொருள்களில் தமிழ் இல்லாமல் போனதற்குச் சந்தைக் கணக்கைக் காரணம் சொல்வது வழக்கம். கோப்பின் வடிவமும் அந்தக் கணக்கில் ஒரு செலவாக உட்கார்ந்திருந்தது.

நெக்ஸ்ட் ஆப்பிளுக்குள் போனது, நிப்பும் கூடவே போனது. 2007இல் ஆப்பிள் அதற்கு எக்ஸ்எம்எல் வடிவம் ஒன்றைக் கொடுத்து ஸிப் என்று பெயர் வைத்தது. அதை நிப்பாக மாற்ற ஐபிடூல் என்று கட்டளை வரிக் கருவி வந்தது. ஆக, கம்பைலர் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது. ஸிப் எழுத்துதான், ஆனால் மனிதனுக்கான எழுத்து இல்லை. நான் வேலை செய்த ஓர் இடத்தில் இரண்டு பேர் ஒரே ஜன்னலை ஒரே வாரத்தில் தொட்டுவிட்டால், இரண்டு கோப்பையும் இணைப்பதற்குப் பதில் யாராவது ஒருவர் தன் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்வார். அதுதான் சீக்கிரம் முடியும். கோப்பைத் திறந்து மூடினாலே உள்ளே வரிகள் மாறிக் கிடக்கும், எதற்கு மாறின என்று சொல்ல ஆளிருக்காது. 2019இல் ஆப்பிளே ஸ்விஃப்ட்யூஐ என்று ஜன்னலை மறுபடி எழுத்தால் விவரிக்கும் வழிக்கு வந்தது.

லினக்ஸ் பக்கம் க்னோம் திட்டம் 1997இல் தொடங்கியது. அடுத்த வருடம் டேமன் சாப்ளின் கிளேட் என்ற வரைகருவியைக் கொண்டுவந்தார். முதலில் அது வரைந்த ஜன்னலுக்கு சி மொழியில் நிரலை எழுதிக் கொடுத்தது. நாம் அந்த நிரலில் கை வைத்த பிறகு வரைபடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பிறகு ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜின் லிப்கிளேட் வந்தது. வரைபடத்தை எக்ஸ்எம்எல்லாக வைத்துக்கொண்டு, செயலி ஓடும்போது படித்து ஜன்னலை எழுப்பும் முறை. 2007இல் அதுவே ஜிடிகே தொகுப்புக்குள் ஜிடிகே பில்டர் என்ற பெயரில் சேர்ந்தது.

இங்கே மொழிபெயர்ப்பு வேறு விதமாக நடக்கிறது. ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், நகல் கிடையாது. மொழிபெயர்க்க வேண்டிய சொற்களுக்கு ஒரு குறி போட்டு வைப்பார்கள். கெட்டெக்ஸ்ட் என்ற கருவி எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்து பிஓ என்ற ஒரு பட்டியலில் போடும். மேலே ஆங்கிலம், கீழே வெற்றிடம். வெற்றிடத்தில் தமிழை எழுதி அனுப்பினால் வேலை முடிந்தது. க்னோம் மேசையில் தமிழ் தெரிகிறது என்றால், சம்பளமில்லாமல் இப்படி உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வெற்றிடங்களை நிரப்பியவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டியலில் 'ஓப்பன்' என்று ஒரு சொல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திற என்ற ஏவலா, திறந்திருக்கிறது என்ற நிலையா? ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று, தமிழுக்கு இல்லை. 'ஃப்ரீ' என்றால் இலவசமா, காலியா? பட்டியலில் அந்தச் சொல் எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியிலிருந்து வந்தது என்று குறிப்பு இருக்கும். மொழிபெயர்ப்பாளர் அங்கே போய்ப் பார்க்கலாம். போய்ப் பார்த்தால் கிளேட் எழுதிய எக்ஸ்எம்எல் நிற்கும். ஒரு பொத்தானைச் சொல்ல ஒரு கோண அடைப்பு, அதன் வகை, அதற்குள் பெயர், அந்தப் பெயரின் மதிப்பு, மூடும் அடைப்பு, மறுபடி மூடும் அடைப்பு. பாதிப் பக்கம் படித்த பிறகுதான் இது பொத்தானா வெறும் எழுத்தா என்றே தெரியும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒரே மாதிரியான ஆங்கிலச் சொற்களைக் கெட்டெக்ஸ்ட் ஒரே பதிவாக்கிவிடும். இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் 'ஓப்பன்' வந்தாலும் தமிழுக்குக் கிடைப்பது ஒரே வெற்றிடம். பிரிக்க வேண்டுமென்றால் ஜன்னலின் விவரிப்பிலேயே போய்ச் 'சூழல்: வினை' என்று ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். அதாவது மொழிபெயர்ப்பாளர் ஜன்னலுக்குள் கை விட்டே ஆக வேண்டும்.

2020 டிசம்பரில் ஜிடிகே 4 வந்தது. கிளேட் அதற்கு ஈடுகொடுத்து வரவில்லை. வரைகருவி போனதும், கருவிக்காக உண்டான எக்ஸ்எம்எல்லை மனிதர்கள் கையால் அடிக்க வேண்டிய நிலை வந்தது. இந்த இடத்தில்தான், 2021இல், ஜேம்ஸ் வெஸ்ட்மன் புளூபிரின்ட் என்ற மொழியையும் அதற்கு ஒரு கட்டளை வரிக் கம்பைலரையும் எழுதத் தொடங்கினார். கம்பைலர் பைத்தானில் எழுதப்பட்டது. நாம் எழுதும் சின்னக் கோப்பை வாங்கிக்கொண்டு ஜிடிகே பில்டரின் எக்ஸ்எம்எல்லைத் துப்பும், அவ்வளவுதான் வேலை. அந்த எக்ஸ்எம்எல் வேறொரு கருவியால் இருமமாகி, செயலிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்எம்எல்லிலிருந்து திரும்பப் புளூபிரின்டாக்கும் வழியும் உண்டு. டிரெஸ் ஞாபகம் வருகிறதா?

படிக்க எப்படி இருக்கும் என்றால், முதல் வரியில் ஜிடிகேயின் எந்தப் பதிப்பு என்று இருக்கும். பிறகு பொருளின் பெயர், ஒரு நெளிவு அடைப்பு, உள்ளே குணம், முக்காற்புள்ளி, மதிப்பு. பிள்ளைகள் அடைப்புக்குள் அடைப்பாக இருப்பார்கள். மூன்று அடைப்பு உள்ளே போனால் மூன்றாம் தலைமுறை. வலைப்பக்கங்களின் சிஎஸ்எஸ் பார்த்தவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். ஜிடிகேயில் ஒவ்வொரு பொருளும் தன்னிடம் என்னென்ன குணங்கள் உண்டு என்பதை எந்திரம் படிக்கும் வடிவில் வெளியே அறிவித்து வைத்திருக்கிறது. கம்பைலர் அதைப் பார்த்துச் சரிபார்க்கிறது. யூஐஎல்லுக்குத் தனி மொழியும் மறுகட்டுமானமும் கேட்ட வேலை இது. ஒரு குணத்தின் பெயரைத் தப்பாக எழுதினால் எந்த வரி, எந்த இடம் என்று காட்டி, 'நீங்கள் சொல்ல வந்தது இதுவா?' என்று பக்கத்துப் பெயரையும் கேட்கும். நாமே செய்த பொருளாக இருந்தால் பெயருக்கு முன்னால் ஒரு டாலர் குறி போட வேண்டும். 'இதை உனக்குத் தெரியாது, என்னை நம்பு' என்று பொருள். அந்த நம்பிக்கை சரியா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மோட்டிஃப் காலத்து ஓட்டை இன்னும் ஒரு விரற்கடை மிச்சம்.

இதைப் பின்னடைவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே எக்ஸ்எம்எல் இருக்க, அதன் தலைமேல் இன்னொரு மொழி எதற்கு, கட்டுமானத்தில் இன்னொரு படி எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, அந்தப் படி உடைந்தால் செயலியே கட்டப்படாது. வடிவமைப்பாளர்களுக்கு இழுத்து வைக்கும் கருவிதானே வசதி என்பதும் உண்மை. ஆனால் கண் தெரியாத ஒரு நிரலாளரை நினைத்துக்கொள்ளுங்கள். மவுஸால் இழுத்து வைக்கும் திரையில் அவருக்கு என்ன வசதி இருக்கிறது? புளூபிரின்ட் கோப்பைத் திரைவாசிப்பான் வரிவரியாக வாசித்துக் காட்டும். அதே கோப்பில், இந்தப் பொத்தானைத் திரைவாசிப்பான் எப்படி அறிவிக்க வேண்டும் என்று எழுதுவதற்கும் தனியாக ஓர் அடைப்பு இருக்கிறது.

'ஓப்பன்' என்ற சொல்லைத் தேடி வரும் மொழிபெயர்ப்பாளர் இப்போது பிஓ பட்டியல் சொல்லும் வரிக்குப் போகிறார். தலைப்புப் பட்டை, அதற்குள் பொத்தான், அதன் எழுத்து 'ஓப்பன்', அழுத்தினால் கோப்பைத் திறக்கும் வேலை. ஆறே வரியில் தெரிந்துவிடுகிறது, இது ஏவல். மொழிபெயர்க்க வேண்டிய சொல்லுக்கு முன்னால் ஓர் அடிக்கோடு இருக்கிறது. அதை நீக்கிவிட்டு 'சி' என்ற எழுத்தோடு ஓர் அடிக்கோடு போட்டு, அடைப்புக்குள் வினை என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். டெர்மினலில் கம்பைலரை ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். பிழை ஒன்றும் இல்லை, செயலியைப் பராமரிப்பவருக்கு அனுப்பிவிடுகிறார். உலகின் வேறொரு மூலையில் அதைப் படிப்பவருக்கு மாறியிருப்பது ஒரே ஒரு வரி என்று தெரிகிறது. அந்த வரி ஏன் மாறியது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்த பதிப்பின் பட்டியலில் 'ஓப்பன்' இரண்டு தடவை வரும், கீழே இரண்டு வெற்றிடங்களோடு.